வேலை போச்சு, கணக்கில் மட்டும் இருக்கு: வாசகர் கேள்வி - பதில்

திருப்பூர் வாசகர்: ஆர்டர் குறைந்ததிலிருந்து எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறார்கள். டி.வி.யில் வேலையின்மை 3 சதவீதம்தான் என்கிறார்கள். யார் பொய் சொல்வது?

யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடமே. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24க்குச் சொன்ன 3.2 சதவீதம் என்பது ஓராண்டு முழுவதையும் பார்க்கும் கணக்கு. ஆண்டின் பெரும்பகுதி சும்மா இருந்தவரும், நடுவில் 30 நாள் ஏதாவது வேலை பார்த்திருந்தால் வேலையில் இருப்பவராகிவிடுவார். மாதாமாதம் வரும் கணக்கு இன்னும் தாராளம். கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் இதில் 'வேலை' உண்டு.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் குறைந்தால் கம்பெனி உடனே ஆளை அனுப்பாது. முதலில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். அதோடு டெய்லரின் வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அடுத்து வெளியே பவர் டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் சிறு பட்டறைக்குக் கொடுத்த வேலையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த பவர் டேபிள்காரரிடம் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவர் எந்த கம்பெனியின் பதிவேட்டிலும் இல்லை, அதனால் அவரை நீக்கியதாகவும் எங்கும் பதிவு இருக்காது. செக்கிங், அயர்னிங் ஆட்களுக்கு வாரம் மூன்று நாள் வேலை என்று ஆகும். இத்தனை நடந்தும் வேலையின்மை விகிதம் அசையாது. கூலி குறைந்ததை அளக்கும் கருவி அல்ல அது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது முதல் அடி விழுந்ததும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத அடுக்கில்தான்.

மதுரை வாசகி: அப்படியானால் ஓர் ஆட்சியை எந்த எண்ணை வைத்து எடை போடுவது?

எத்தனை பேருக்கு வேலை என்பதை விட்டுவிட்டு, என்ன மாதிரி வேலை என்று பாருங்கள். அதே அரசுக் கணக்கெடுப்பில் 2017-18ல் சுயதொழில் செய்வோர் 52.2 சதவீதம், 2023-24ல் 58.4. மாதச் சம்பளக்காரர் 22.8லிருந்து 21.7 ஆகக் குறைந்தார்கள். விவசாயத்தில் இருப்போர் 2018-19ல் 42.5 சதவீதம், 2023-24ல் 46.1. வளரும் நாட்டில் ஆட்கள் வயலிலிருந்து ஆலைக்குப் போக வேண்டும். இங்கே திரும்பி வந்திருக்கிறார்கள். கொரோனா முடிந்தும் அவர்கள் போகவில்லை என்பதுதான் ஆளுங்கட்சி பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்பது எங்கள் கருத்து.

பி.எஃப்.பில் புதிதாக இத்தனை லட்சம் பேர் சேர்ந்தார்கள் என்ற அறிவிப்பை மட்டும் அப்படியே விழுங்காதீர்கள். 19 பேர் இருந்த பட்டறையில் இருபதாவது ஆள் சேர்ந்ததும் சட்டம் பொருந்தும். பழைய 19 பேரும் 'புதிய சந்தாதாரர்' ஆகிவிடுவார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது நல்லதுதான், ஆனால் உருவான வேலை ஒன்றே ஒன்று.

சேலம் வாசகர்: பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., ஊரடங்கு. மூன்றில் சிறுதொழிலை அதிகம் கெடுத்தது எது?

ஊரடங்கின் அடிதான் பெரிது. 2020 ஏப்ரல்-ஜூனில் பொருளாதாரம் ஏறக்குறைய கால்வாசி சுருங்கியது. ஆனால் அது எல்லா நாட்டுக்கும் வந்த சோதனை. 2016 நவம்பர் 8 நாமே வரவழைத்துக்கொண்டது. புழக்கத்திலிருந்த பணத்தில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாமல் போனது. வாரக் கூலி கொடுக்கும் தொழில்கள் அப்படியே நின்றன. செல்லாது என்ற நோட்டில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டதாகப் பிறகு ரிசர்வ் வங்கியே கணக்குக் காட்டியது.

ஜி.எஸ்.டி. வேறு விதம். ஒரே வரி என்பது தேவையான சீர்திருத்தம். கெடுத்தது அதன் பணச் சுழற்சி. பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதமே கட்ட வேண்டும். வாங்கியவர் காசு தருவதோ 90 நாள் கழித்து. பத்து லட்சத்துக்குச் சரக்கு அனுப்பிய பட்டறைக்காரர், 18 சதவீதம் என்றால், உள்ளீட்டு வரி (மூலப்பொருள் வாங்கும்போதே கட்டிய வரி) போக மிச்சத்தைக் கையிலிருந்து போட்டாக வேண்டும். லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் மூடிய பட்டறைகள் இப்படித்தான் மூடின. இந்தப் பக்கம் நிலைமை இது; அந்தப் பக்கம் 2019 செப்டம்பரில் பெரிய கம்பெனிகளின் வருமான வரி, சலுகை வேண்டாம் என்போருக்கு, 30லிருந்து 22 சதவீதமாகக் குறைந்தது. சரக்கு வாங்க ஆளில்லாதபோது வரி மிச்சத்தில் யாரும் புது ஆலை கட்டமாட்டார்கள். முந்தைய ஆட்சியும் தப்பவில்லை. அப்போது கண்மூடித்தனமாகக் கொடுத்த பெருங்கடன்கள்தான் பிறகு வாராக்கடனாகி வங்கிகளின் கையைக் கட்டிப்போட்டன.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒரகடம்: ஆள்குறைப்பு நடக்கிறது. 'நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், அனுபவச் சான்றிதழ் நன்றாகத் தருகிறோம்' என்கிறது எச்.ஆர். என்ன செய்ய?

எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு தாளின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சட்டப்படி 'ஊதியம்' எனக் கொள்ளப்படும் தொகை மாதம் 26,000 ரூபாய், சர்வீஸ் 7 ஆண்டு 8 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 8 ஆண்டாகக் கணக்கு.

கிராஜுவிட்டி: 26,000 × 15 ÷ 26 = 15,000; எட்டு ஆண்டுக்கு 1,20,000. ராஜினாமா செய்தாலும் இது உண்டு. ஆனால் கம்பெனி ஆள்குறைப்பு செய்தால் இதோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் 26,000; ஆண்டுக்கு 15 நாள் வீதம் இழப்பீடு, 13,000 × 8 = 1,04,000; மறுதிறன் நிதியாக (வேறு வேலைக்கான திறன் கற்க) 15 நாள் ஊதியம் 13,000, இது 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் விழ வேண்டும். ஆக, கையெழுத்துப் போட்டால் நஷ்டம் 1,43,000 ரூபாய். ஆள்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம் வரை வருமான வரியும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் தொழிலாளிக்கு லாபம் ஒன்று: படிகள் (அலவன்ஸ்) மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தில் சேரும். மொத்தம் 40,000, பேசிக் 12,000 என்றால் கணக்குக்கு 20,000. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நஷ்டமும் ஒன்று: முன்பு 100 பேர் இருந்தாலே ஆள்குறைப்புக்கு அரசு அனுமதி தேவை, இப்போது 300 பேர். 250 பேர் உள்ள ஆலை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சட்டத்தை மாற்றியவர்கள் வேலை பெருகும் என்றார்கள். நீக்குவது எளிதானது மட்டும் உடனே நடந்துவிட்டது.

'நீங்கள் எக்ஸிகியூட்டிவ், தொழிலாளி இல்லை' என்பார்கள். விசிட்டிங் கார்டில் இருப்பது முக்கியமல்ல, செய்யும் வேலைதான் முக்கியம். உங்களுக்குக் கீழே ஆளில்லை, லீவு கொடுக்கும் அதிகாரமில்லை, மெஷினோ கம்ப்யூட்டரோ பார்க்கிறீர்கள் என்றால் வாதாட இடமுண்டு. மேனேஜர் என்றாலும், 18,000க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர் என்றாலும் கடினம்.

எச்.ஆர். அழைத்த மீட்டிங் முடிந்த அன்றே, 'இன்று என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விருப்பமில்லை, வேலைக்கு வரத் தயார்' என்று கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். நகலைச் சொந்த மெயிலுக்கும் போடுங்கள். மறுநாள் கேட்டில் விடவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வருகைப் பதிவு, ஆறு மாதச் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் மூன்றையும் ஆபீஸ் லேப்டாப் கையை விட்டுப் போகுமுன் எடுத்து வையுங்கள். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு. இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு என்றாலும் முதல் மாதத்திலேயே போடுங்கள். ராஜினாமாவை ஏற்கெனவே கொடுத்துவிட்டு 'மிரட்டி வாங்கினார்கள்' என்று ஓராண்டு கழித்துப் போனால், நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

இன்னொன்று. ராஜினாமாவாக முடிந்தால் நாட்டில் ஆள்குறைப்பே நடக்கவில்லை என்றுதான் பதிவாகும். நாளைக்கு நாடாளுமன்றத்தில் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும்.

கோவை வாசகர்: புதிதாக ஆள் எடுத்தால் மத்திய அரசு பணம் தருகிறதாமே?

2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேர்ப்பவர்களுக்கு உண்டு. முதலாளிக்கு ஆளுக்கு மாதம் 3,000 வரை இரண்டு ஆண்டு. உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டு. 50 பேருக்குக் குறைவான இடத்தில் கூடுதலாக இரண்டு பேர், அதற்கு மேல் ஐந்து பேர் எடுத்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். ஆர்டர் இருப்பவருக்கு இது போனஸ். ஆர்டர் இல்லாதவர் 3,000 ரூபாய்க்காக ஆள் எடுக்கமாட்டார்.

வாசகி, ஸ்ரீபெரும்புதூர்: வேலையை விட்டு மூன்று மாதமாகிறது. கம்பெனி பி.எஃப்.பில் வெளியேறிய தேதி போடாததால் பணம் எடுக்க முடியவில்லை.

கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கடந்துவிட்டால் நீங்களே போடலாம். யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்'. ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. வரும். தேதியைத் தப்பாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு, எனவே கடைசிச் சந்தா வந்த மாதத்துக்குள் இருக்கும் தேதியையே போடுங்கள். வேறு வேலை கிடைக்கும் என்றால் எடுக்காமல் மாற்றுவதே நல்லது. ஐந்து ஆண்டு முடியாமல் எடுத்தால் வரி உண்டு. பென்ஷன் பணத்தை எடுத்தால் அதுவரையிலான சர்வீஸும் போகும். பென்ஷனுக்குப் பத்து ஆண்டு வேண்டும்.

வேலூர் வாசகர்: இ.எஸ்.ஐ.யில் வேலை இழந்தவருக்கு உதவித்தொகை உண்டா?

அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். சராசரி தினக் கூலியில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே முறை. குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், தானாக விலகியவருக்கும் கிடையாது. எச்.ஆர். நீட்டும் ராஜினாமாத் தாள் இங்கேயும் குறுக்கே நிற்கும். திட்டத்தை அவ்வப்போது காலம் குறித்து நீட்டித்து வருகிறார்கள். கிளை அலுவலகத்துக்குப் போகும்போது வங்கிப் பாஸ்புக், ஆதார் நகலோடு போங்கள். வங்கிக் கணக்கிலும் இ.எஸ்.ஐ. பதிவிலும் பெயரின் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.