முதல் வெளிநாட்டு அலுவல் பயணம்: கார்ட்டில் இருப்பதை எல்லாம் வாங்க வேண்டுமா?

கேள்வி: அடுத்த மாதம் அலுவலக வேலையாக முதன்முதலாக வெளிநாடு போகிறேன், ஐந்து நாள். இதற்கு முன் உள்நாட்டுக்குள் இரண்டு தடவை விமானத்தில் போனதோடு சரி. டிக்கெட் கைக்கு வந்த நாளிலிருந்து ராத்திரி தூக்கம் இல்லை. முழித்துக்கொண்டு படுத்திருக்கும்போது போனை எடுத்து எதையாவது கார்ட்டில் போட்டுவிடுகிறேன். இப்போது அதில் இருப்பவை: 28 அங்குல ஹார்டு சூட்கேஸ், 30,000 எம்ஏஎச் பவர் பேங்க், யுனிவர்சல் அடாப்டர், கார்டு விவரம் திருடுபோகாமல் காக்கும் ஆர்எஃப்ஐடி பர்ஸ், லக்கேஜ் தராசு, நீராவி இஸ்திரி, துணி அடுக்கும் பைகள் ஒரு செட். கழுத்துத் தலையணை மட்டும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, திட்டாதீர்கள். எதை வாங்கலாம், எதை விடலாம்?

பதில்: திட்ட மாட்டேன். நானும் முதல் பயணத்துக்கு முன்னால் இதையேதான் செய்தேன், அப்போது கார்ட் இல்லை, கடை கடையாக ஏறி இறங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம். பயத்துக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது, வாங்குவது சுலபமான வேலை. ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் எதுவுமே விமான நிலையத்தில் உங்களைத் திருப்பி அனுப்பாமல் காப்பாற்றாது. திருப்பி அனுப்பக்கூடிய விஷயங்கள் வேறு, அவற்றுக்குக் காசே கிடையாது, அல்லது மிகக் குறைவு. அதனால் முதலில் அதைப் பார்த்துவிட்டு கார்ட்டுக்கு வருவோம்.

பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதி தேதியைப் பாருங்கள். பல நாடுகள் நீங்கள் போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் கணக்கு வேறு: கிளம்பி வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. காலிப் பக்கங்கள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், குறிப்பாக இனிஷியல் விரிந்து நிற்கும் இடத்தில். நடுவில் இறங்கி விமானம் மாறுகிறீர்கள் என்றால் அந்த நாட்டுக்கும் டிரான்சிட் விசா வேண்டுமா என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள், அலுவலகத்தில் டிக்கெட் போட்டவர் அதைப் பார்த்திருப்பார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். விசா வாங்கியிருந்தால் அது எந்த வகை என்றும் பாருங்கள். மீட்டிங், பொருட்காட்சி, பேச்சுவார்த்தை இவற்றுக்கான பிசினஸ் விசாவில் அங்கே போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது, அதனால் இமிகிரேஷனில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கும்போது பொதுவாக 'வேலைக்கு' என்று சொல்லி வைக்காமல் இன்ன நிறுவனத்தோடு மீட்டிங், இத்தனை நாள், இந்த ஓட்டல் என்று சொல்லுங்கள். அழைப்புக் கடிதம், ஓட்டல் புக்கிங், திரும்பும் டிக்கெட் மூன்றையும் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் கைகொடுக்கும்.

இனி கார்ட். பவர் பேங்கை இன்றைக்கே நீக்குங்கள். விமானத்தில் கேட்பது எம்ஏஎச் கணக்கு அல்ல, வாட்-அவர் கணக்கு. எம்ஏஎச்சை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள்: 30,000 என்றால் 111 வாட்-அவர். 100 வரைக்கும் பொதுவாகப் பிரச்சினை இல்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-க்கு மேல் அனுமதி இல்லை. பாதுகாப்புச் சோதனையில் வரிசை நகராமல் நிற்க, அந்தக் குட்டி எழுத்தைப் படித்துக்கொண்டு ஓர் அதிகாரியோடு வாதாடும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள், இருக்கிற பதற்றத்துக்கு அது வேறா? 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர்தான், இரண்டு மூன்று தடவை போன் ஏற்றலாம், தாராளம். அளவு பவர் பேங்கின் மேலேயே அச்சடிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள், அது இல்லாததைப் பறிமுதல் செய்கிறார்கள். கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. 2025 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பேங்கிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதையே தடுத்துவிட்டன, எனவே கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் முழுசாக ஏற்றிக்கொண்டு போய்விடுவது நல்லது.

நீராவி இஸ்திரியும் வேண்டாம். அடாப்டர் என்பது பின்னின் உருவத்தை மட்டும் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது, இதைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. லேப்டாப், போன் சார்ஜர்களில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும், எங்கேயும் வேலை செய்யும். இஸ்திரி, ஹேர் டிரையர் மாதிரி சூடேறும் சாதனங்கள் பலவும் ஒரே மின்னழுத்தத்துக்கானவை. 230 வோல்ட்டுக்குச் செய்ததை 100 வோல்ட் ஓடும் ஜப்பானிலோ 120 வோல்ட் ஓடும் அமெரிக்காவிலோ சொருகினால் வெதுவெதுப்போடு நின்றுவிடும், மாறாக 120 வோல்ட்டுக்குச் செய்ததை 230 வோல்ட்டில் சொருகினால் புகையும். பெரும்பாலான ஓட்டல்களில் இஸ்திரிப் பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். யுனிவர்சல் அடாப்டருக்கும் அவசியம் இல்லை, நீங்கள் போவது ஒரே நாடு. அந்த நாட்டுப் பின்னுக்கு மட்டும் பொருந்துகிற சின்ன அடாப்டர் இரண்டு வாங்குங்கள். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் என்றால் மூன்று செவ்வகப் பின். அமெரிக்கா, ஜப்பான் என்றால் தட்டைப் பின். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இரண்டு உருண்டைப் பின்.

ஆர்எஃப்ஐடி பர்ஸ் பயத்தை விற்கும் சரக்கு. தராசு யாரிடமாவது இரவல் கிடைக்கும். அடுக்குப் பைகள் உங்கள் இஷ்டம், எனக்குப் பிடிக்கும், ஆனால் பழைய துணிப்பையே போதும்.

சூட்கேஸ் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஐந்து நாளுக்கு 28 அங்குலம் என்பது காலியிடத்தையும் சுமந்துகொண்டு போவது. அந்த அளவில் ஹார்டு பெட்டி காலியாகவே நாலு கிலோ அளவுக்கு வரும், 23 கிலோ அனுமதியில் அதுவும் சேர்த்தி. முடிந்தால் கேபின் பெட்டி ஒன்றோடு போங்கள், வீட்டில் யாராவது வைத்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கேபினுக்கு அளவு மட்டுமல்ல, பல நிறுவனங்களில் 7 கிலோ எடை வரம்பும் உண்டு, உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. என் முதல் பயணத்தில் புது சூட்கேஸ், புது சூட், பிரசன்டேஷன் காகிதங்கள் எல்லாவற்றையும் செக்-இன்னில் போட்டேன். கன்வேயர் பெல்ட் நின்றே போயிற்று, பெட்டி வரவில்லை. மறுநாள் காலை மீட்டிங்குக்குப் பதினான்கு மணி நேரம் விமானத்தில் கசங்கிய சட்டையோடு போய் உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர்கள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, ஆனால் நான் முழு நேரமும் என் காலரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே ஒரு மாற்றுச் சட்டை, உள்ளாடை, மருந்து, லேப்டாப், சார்ஜர், காகிதங்கள் எப்போதும் கைப்பையில்.

கழுத்துத் தலையணை இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: பெட்டி வராவிட்டால் நஷ்டஈடு கிடைக்குமா? எவ்வளவு?

பதில்: கிடைக்கும், ஆனால் நாம் செய்ய வேண்டியதைச் செய்தால். அன்றைக்கு நான் செய்த தப்பு, மறுநாள் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிட்டது. பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் பேக்கேஜ் கவுன்ட்டரில் பிஐஆர் என்கிற புகார்ப் படிவத்தை நிரப்பி, அதன் எண்ணை வாங்கிய பிறகுதான் கஸ்டம்ஸைத் தாண்ட வேண்டும். பன்னாட்டுப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1999-இல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். பெட்டி சேதமாகி வந்தால் கைக்கு வந்த ஏழு நாளுக்குள், தாமதமாகி வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும். 21 நாளாகியும் வரவே இல்லை என்றால் தொலைந்ததாகக் கருதிக் கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் சேர்த்து மதிப்பிடுவது. வரம்பு என்றால் அவ்வளவையும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. என்ன வாங்கினீர்கள், எதற்கு வாங்கினீர்கள் என்று பில் காட்ட வேண்டும். பெட்டியை மூடும் முன் திறந்த நிலையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பேக்கேஜ் டேக் துண்டை எறியாதீர்கள்.

கேள்வி: 'பத்து நாளில் பன்னாட்டு பிசினஸ் இங்கிலீஷ்' என்று ஓர் ஆன்லைன் கோர்ஸ் விளம்பரம் விடாமல் வருகிறது. இன்றிரவுக்குள் சேர்ந்தால் பாதி விலையாம். பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் வாய் குழறிவிடுமோ என்று ஒரே பயம். சேரலாமா?

பதில்: வேண்டாம். இன்றிரவு முடிகிற அந்தப் பாதி விலை நாளை இரவும் முடியும், போய்ப் பாருங்கள். இந்த மாதிரி கோர்ஸ்களில் பணம் கட்டும் முன்பு பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை நாளுக்குள், எவ்வளவு பாடம் பார்ப்பதற்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பும் என்பது எழுத்தில் இருக்கிறதா? முதல் வீடியோவைத் திறந்தாலே ரீஃபண்ட் கிடையாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பவர்கள் உண்டு. அது போகட்டும். உங்களுக்கு வேண்டியது இங்கிலீஷ் முழுவதும் அல்ல, உங்கள் தொழிலில் நீங்கள் தினமும் பேசும் நாற்பது ஐம்பது வாக்கியங்கள். அவர்கள் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு, அலுவலகத்தில் ஏற்கெனவே போய் வந்த ஒருவரைக் கேட்கச் சொல்லிப் பதில் சொல்லிப் பழகுங்கள். புரியவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லச் சொல்வதையும் பழகுங்கள். எதிரே உட்காருபவருக்கும் இங்கிலீஷ் இரண்டாவது மொழியாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு, அவரும் இதே பயத்தோடுதான் வந்திருப்பார்.

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டுபோவது? கார்டு மட்டும் போதுமா? போனுக்கு ரோமிங்கா, இ-சிம்மா?

பதில்: இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டு, கொஞ்சம் ரொக்கம், மூன்றும் ஒரே பர்ஸில் இல்லாமல். கார்டில் பன்னாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள், பல வங்கிகள் மூடித்தான் வைத்திருக்கும். அங்கே கார்டைத் தேய்க்கும்போது பொறி ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் ஊர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா, எங்கள் ஊர்ப் பணத்திலா? நம் பணத்தில் தொகையைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதிக்குத்தான் கூடுதல் காசு, ஏனென்றால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி அல்ல, எதிர்த்தரப்பு போடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள், ஏடிஎம்மிலும் அப்படியே. ஓட்டலில் முன்வைப்பாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அதற்குக் கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டில் என்றால் உங்கள் சொந்தப் பணமே சில நாள் முடங்கிக் கிடக்கும்.

போன் விஷயத்தில் மறக்கக் கூடாதது ஓடிபி. இ-சிம்மில், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்மில், டேட்டா மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் பழைய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் வங்கி அனுப்பும் எண் வராது. பழைய சிம்மில் எஸ்எம்எஸ் மட்டும் வரும்படி வைத்து டேட்டா ரோமிங்கை அணையுங்கள், டேட்டாவுக்கு இ-சிம். உங்கள் போன் இ-சிம் ஏற்குமா, வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள், போய் இறங்கிய இடத்தில் நெட் இல்லாமல் அதை ஏற்ற முடியாது.

கேள்வி: விற்பனைக்கு இல்லாத டெமோ மெஷின் ஒன்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்கிறார்கள். கஸ்டம்ஸில் வரி கேட்பார்களா?

பதில்: கேட்கலாம், திரும்பி வரும்போது உங்கள் நாட்டிலும் கேட்கலாம். ஏடிஏ கார்னே என்றொரு ஆவணம் இருக்கிறது, 1961 ஒப்பந்தத்தின்படி வந்தது, தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் மாதிரிப் பொருட்கள், தொழில் கருவிகளுக்கு வரியில்லாமல் கடக்க உதவும், அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். போகும் நாடு அதை ஏற்கிறதா என்று பார்த்து, வணிகச் சபை வழியாக அலுவலகம்தான் வாங்கித் தர வேண்டும். உங்கள் சொந்தக் கையெழுத்தில் வாங்காதீர்கள். பொருள் திரும்பி வராவிட்டால் வரிக்குப் பொறுப்பு கார்னே யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

கேள்வி: அலுவலகமே பயண இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறதாம். தனியாக ஒன்று வேண்டுமா?

பதில்: முதலில் அந்த பாலிசியை வாங்கிப் படியுங்கள். ஷெங்கன் விசாவுக்கு என்றால் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய் சேர்ந்ததா, அலுவலக லேப்டாப் சேர்ந்ததா, மீட்டிங் முடிந்து இரண்டு நாள் சொந்தமாகச் சுற்றினால் அதுவும் சேர்ந்ததா என்று மூன்று கேள்விகளை மெயிலில் கேட்டுப் பதிலையும் மெயிலில் வாங்குங்கள். மூன்றாவதற்கு இல்லை என்றால் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் தனியாக எடுங்கள்.

கேள்வி: மீட்டிங்குக்காகப் புது ஷூ வாங்கினேன். கிளம்பும் அன்றைக்குத்தான் போட வேண்டும் என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: ஐயோ, வேண்டாம். நீண்ட நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் கால் வீங்கும், பழகாத ஷூ அதற்கு மேல் கடிக்கும். இன்று சாயங்காலமே எடுத்து, போகும்போது போடப்போகிற அதே சாக்ஸோடு வீட்டுக்குள் அரை மணி நேரம் நடங்கள். வீட்டுக்குள் என்று சொல்வதற்குக் காரணம், அடி அழுக்காகாமல் இருந்தால்தான் கடித்தால் கடையில் மாற்றித் தருவார்கள். பில் எங்கே வைத்தீர்கள்?