புயல்ல விழுந்த மரத்துல செஞ்ச கிண்ணம்: வாங்கலாமா, ஏமாத்தறாங்களா?

கேள்வி: ஆன்லைன்ல ஒரு மர பவுல் வாங்கினேன், 10 இன்ச், 2,400 ரூபா. "கஜா புயல்ல விழுந்த தூங்குமூஞ்சி மரத்துல கடைஞ்சது, இதுக்காக ஒரு மரமும் வெட்டல"ன்னு போட்டிருந்தாங்க, அந்த ஒரு வரிக்காகவே வாங்கினேன். மூணே வாரத்துல வாய் முட்டை ஷேப்புக்கு போயிடுச்சு, அடியில விரிசல் வேற. கேட்டா "இயற்கை மரம்னா அப்படித்தான் மேடம்"ங்கறாங்க. நான் ஏமாந்துட்டேனா?
– திருவான்மியூர் வாசகி

பதில்: மேடம், முதல்ல ஒரு சின்ன கணக்கு போடுவோம். கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. அன்னிக்கு விழுந்த மரத்தை அப்பவே அறுத்து வச்சிருந்தா இந்நேரம் அது எப்பவோ காஞ்சு எலும்பா ஆகியிருக்கணும், உங்க வீட்டுக்கு வந்து மூணு வாரத்துல முட்டை ஷேப்புக்கு போக அதுல ஈரமே இருக்காது. ஏசி ரூம்ல வச்சா காஞ்ச மரமும் கொஞ்சம் அசையும், அது வேற, ஆனா கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வாய் கோணுதுன்னா அது பச்சை மரத்துல கடைஞ்சதுன்னுதான் எனக்குத் தோணுது. ஒண்ணு மரம் கஜா மரமே இல்ல, இல்லன்னா பெரிய கட்டையா மழையில வெயில்ல போட்டு வச்சிருந்து நடுவுல ஈரத்தோட எடுத்துக் கடைஞ்சிருக்காங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் தப்பு அவங்க மேலதான்.

ஏன் முட்டை ஷேப்னா, மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, மரத்தோட வயசு வளையம் ஓடற திசையில சுருங்கறது நடுவுலேர்ந்து பட்டை பக்கம் சுருங்கறதை விட சுமார் ரெண்டு மடங்கு. அதனால வட்டமா கடைஞ்சது கோணிக்கும். நல்ல கடைசல்காரங்க இதைத் தெரிஞ்சுதான் ரெண்டு தடவை கடைவாங்க. முதல் தடவை பச்சையா இருக்கும்போதே தடியா, 10 இன்ச் பவுல்னா ஓரம் ஒரு இன்ச் கனம் வர்ற மாதிரி கடைஞ்சு, ஆறு மாசம் ஒரு வருஷம்னு நிழல்ல போட்டுடுவாங்க, அது கோணற அளவுக்கு கோணிக்கட்டும்னு. அப்புறம் திரும்ப லேத்துல மாட்டி வட்டமாக்கி மெலிசா முடிப்பாங்க. நீங்க குடுத்த காசுல பெரும்பங்கு அந்தக் காத்திருப்புக்குத்தான் போயிருக்கணும், உங்க ஆளு அதைத்தான் முழுங்கியிருக்காரு. வேணும்னே பச்சையா மெலிசா கடைஞ்சு, கோணறதையே அழகுன்னு விக்கற கலைஞர்களும் இருக்காங்க, ஆனா அவங்க அதை முன்னாடியே சொல்லித்தான் விப்பாங்க.

அடி விரிசலையும் ஒரு தடவை உத்துப் பாருங்க. வளையமெல்லாம் ஒரு புள்ளியைச் சுத்தி இருந்து, விரிசல் அந்தப் புள்ளியிலேர்ந்து கிளம்புதுன்னா, மரத்தோட நடு மையத்தை வெட்டி எறியாம உள்ளயே விட்டு கடைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம், அது பட்டறையில சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் குடுக்கற விஷயம்.

இப்ப செய்ய வேண்டியது. கிச்சன் தராசுல இன்னிக்கு எடை போடுங்க, வாராவாரம் போட்டு போட்டோ எடுத்து வைங்க, எடை குறைஞ்சுட்டே வந்தா ஈரம் போயிட்டிருக்குன்னு அதுவே சாட்சி. அவங்க பேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க, நாளைக்கே அந்த கஜா வரி காணாம போகலாம். போன்ல பேசாம மெயில்ல பணம் திரும்பக் கேளுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி புகார் வந்தா 48 மணி நேரத்துல வந்துச்சுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்வும் குடுக்கணும். நகரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிங்க. அதுக்கும் மேலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க இருக்கற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். "ஒரு மரமும் வெட்டல"ன்னு சொன்னாங்களே, அந்த மாதிரி பசுமைப் பேச்சுக்கு ஆதாரம் காட்டணும்னு 2024 அக்டோபர்ல தனியா வழிகாட்டுதலே வந்திருக்கு, மெயில்ல அதையும் ஒரு வரி போட்டு எந்த ஊர் மரம், எப்ப அறுத்ததுன்னு கேளுங்க. பதில் வருதான்னு பாப்போம்.

கேள்வி: எங்க வீட்டுப் பலா மரம் போன மாசக் காத்துல சாஞ்சிடுச்சு, தாத்தா வச்ச மரம். விறகுக்கு விட மனசு வரல. கடைசல் பட்டறைக்காரர் ஒருத்தர் கிண்ணம் பண்ணித் தரேன்னு முழுப் பணமும் முன்னாடியே கேக்கறாரு. என்ன பண்ண?
– ஆலங்குடி வாசகர்

பதில்: பணத்தை விடுங்க, முதல்ல மரத்தைக் காப்பாத்துங்க. முழு உருட்டுக் கட்டையா போட்டு வச்சா ரெண்டு முனையிலேர்ந்தும் வெடிக்க ஆரம்பிச்சிடும். கிண்ணம் எவ்வளவு அகலம் வேணுமோ அதை விடக் கொஞ்சம் நீளமா துண்டு போட்டு, நடு மையம் வழியா ரெண்டா பிளந்து, அறுத்த முகத்துல மிச்சம் கிடக்கற பெயின்ட்டோ ஃபெவிகாலோ கெட்டியா அன்னிக்கே தடவிடுங்க. வெயில்ல போடாதீங்க, "சீக்கிரம் காயட்டும்"னு வெயில்ல போட்டுத்தான் பாதிப் பேர் மரத்தைக் கெடுக்கறாங்க.

அப்புறம் அந்த மரத்துல கொடி கட்ட ஆணி அடிச்சீங்களான்னு வீட்ல அம்மாகிட்ட கேளுங்க. சிரிக்காதீங்க, வீட்டு மரம்னா ஆணி நிச்சயம் இருக்கும், உளி மாட்டினா உளியும் போச்சு, கடையறவருக்கும் ஆபத்து, பட்டறையில முன்னாடியே சொல்லிடணும்.

பணம் ரெண்டு தவணையாப் பேசுங்க, தடியா கடைஞ்சதும் பாதி, காஞ்சு திரும்பக் கடைஞ்சு கையில குடுத்ததும் மீதி. காயும்போது வெடிச்சா யார் நஷ்டம்னு ஒரு சீட்டுல எழுதிக்கோங்க, பத்துல ஒண்ணு ரெண்டு போறது சகஜம், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அடுத்த வாரமே தரேன்னு சொன்னார்னா வேற ஆளைப் பாருங்க. இன்னொண்ணு, பலாவோட அந்த மஞ்சள் அப்படியே நிக்காது, வெளிச்சம் பட பட பழுப்பாகும், பாலிஷ் சரியில்லன்னு அப்ப சண்டைக்குப் போயிடாதீங்க.

ரோட்டோர மரம்னா கதையே வேற, அது அரசு சொத்து, விழுந்தாலும் ஏலத்துலதான் எடுக்கணும்.

கேள்வி: மரக் கிண்ணத்துக்கு தேங்கா எண்ணெய் தடவலாமா? எந்த மரம் நல்லது?
– மதுரை வாசகி

பதில்: தடவலாம், ஆனா அது இறுகாது, நாளாக நாளாக சிக்கு வாடை வரும். மெடிக்கல்ல லிக்விட் பாரஃபின் வாங்கித் தடவி ராத்திரி விட்டுத் துடைங்க, தேன்மெழுகு கலந்தா இன்னும் நல்லது. ஹார்ட்வேர் கடை ஆளி விதை எண்ணெய் வேண்டாம், சீக்கிரம் காயறதுக்கு அதுல உலோக உப்பு சேர்த்திருப்பாங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னா மேல லேக்கர் பூச்சு இருக்கு, பழம் வைங்க, சூடா சாம்பார் ஊத்தாதீங்க. தண்ணியில ஊறப் போடாதீங்க, மைக்ரோவேவும் வேண்டாம்.

மரம்னா என் ஓட்டு பூவரசுக்கு. ஹவாய் தீவுக்காரங்க அதை மிலோன்னு கூப்பிடறாங்க, சாப்பாட்டுல மர வாசனை இறங்காதுன்னு காலங்காலமா அதுலயும் சாப்பாட்டுக் கிண்ணம் செஞ்சாங்க. நம்ம ஊர்ல வேலியோரம் சும்மா நிக்குது. வேம்பு கசக்கும், அலங்காரத்துக்கு ஓகே. அரளி, எட்டி ரெண்டும் விஷம், கடைஞ்சது யாரா இருந்தாலும் சாப்பாட்டுப் பக்கமே கொண்டு வராதீங்க.