டீசல் மோட்டார்ஹோம்: மைலேஜ் கணக்கும் இன்ஜினின் நாடியும் (கேள்வி பதில்)

அமெரிக்காவில் ஒரு 38 அடி டீசல் மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் செய்ய வீடு போலக் கட்டிய வண்டியை, ஒன்பது வருடமாக ஓட்டி வருகிறேன். பின்பக்கம் கம்மின்ஸ் 8.9 லிட்டர் ஐஎஸ்எல் இன்ஜின், அலிசன் 3000 கியர்பாக்ஸ், 100 கேலன் டேங்க். அதற்கு முன் பல வருடம் டீசல் இன்ஜின் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். மைலேஜ் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

டாலஸ்: அண்ணா, போன மாதம்தான் வண்டி வாங்கினோம். முதல் டேங்கில் கேலனுக்கு 8.7 மைல் வந்தது. அடுத்த டேங்கில் 7.4. அதே ரோடு, அதே வேகம். இன்ஜினில் கோளாறா?

கோளாறு இன்ஜினில் இல்லை, டீசல் போட்ட விதத்தில் இருக்கிறது. லாரிகளுக்கான பம்பில் டீசல் வேகமாக வரும், நுரை எழும்பும். டேங்க் நிறைவதற்கு முன்பே பம்ப் நின்றுவிடும். நீங்கள் இரண்டு முறையும் 400 மைல் ஓடியதாக எழுதியிருந்தீர்கள். முதல் முறை 46 கேலன் பிடித்தது, அடுத்த முறை 54. முதல் முறை 4 கேலன் குறைவாக ஏறியது, அடுத்த முறை அந்த 4 கேலனும் சேர்ந்து ஏறியது, அவ்வளவுதான். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 800 மைல், 100 கேலன். வண்டி 8 மைல் தருகிறது, இரண்டு முறையும் 8 மைல்தான் தந்தது.

ஒரு டேங்க் கணக்கை வைத்து வண்டியைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். குறைந்தது ஐந்தாறு டேங்க் ஓடட்டும். மொத்த மைலை மொத்த கேலனால் வகுங்கள். ஒவ்வொரு டேங்கின் விடையையும் கூட்டி சராசரி எடுத்தால் அது சரியான கணக்கு ஆகாது. முடிந்தவரை சமதளமான இடத்தில் நிறுத்தி, பம்பின் வேகத்தைக் குறைத்து வைத்து, ஒரே அளவு வரை நிரப்புங்கள்.

சான் ஹோசே: டாஷ்போர்டு திரை 8.5 என்கிறது. கையால் போட்டால் 8.0தான் வருகிறது. எதை நம்புவது சார்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் வேறு வேறு விஷயங்களைச் சொல்வதால். திரையில் தெரிவது இன்ஜின் குடித்த டீசல் மட்டும். கையால் போடுவது டேங்கிலிருந்து போன மொத்த டீசல். மோட்டார்ஹோமில் அந்த டேங்குக்கு வேறு பங்காளிகளும் உண்டு. ஜெனரேட்டர் அதிலிருந்துதான் குடிக்கிறது. டீசலில் எரியும் ஹீட்டர் உங்கள் வண்டியில் இருந்தால் அதுவும் அங்கிருந்துதான்.

8 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர் பாதிப் பளுவில் மணிக்குச் சுமார் அரை கேலன் எடுக்கும். ஒரு இரவு ஆறு மணி நேரம் ஏசி ஓடினால் 3 கேலன். 400 மைலுக்கு 50 கேலன் போட்டீர்கள் என்றால் அதில் இன்ஜின் பங்கு 47. இப்போது வகுத்துப் பாருங்கள், 8.5 வந்துவிடும். ஜெனரேட்டரில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருக்கிறது. டீசல் போடும்போதெல்லாம் அதையும் குறித்து வையுங்கள்.

அதன் பிறகும் வித்தியாசம் இருந்தால் இரண்டு காரணங்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலை அளப்பதில்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு எவ்வளவு நேரம் திறக்கச் சொன்னோம் என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது, அதில் சில சதவீதம் பிசகும். அடுத்தது ஓடோமீட்டர். இன்டர்ஸ்டேட் ஓரத்தில் மைல் கற்பலகைகள் இருக்கின்றனவே, அவற்றை வைத்து 20 மைல் ஓட்டிச் சரிபாருங்கள். டயர் அளவு மாற்றிய வண்டிகளில் இங்கேதான் தப்பு இருக்கும்.

டொரோண்டோ: பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டி 11 தருகிறது என்கிறார். என்னுடையதும் அதே மாடல், 9தான்.

அவர் இம்பீரியல் கேலனில் சொல்கிறார். அது 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். அவருடைய 11ஐ 1.2ஆல் வகுத்தால் 9.2. இருவர் வண்டியும் ஒன்றுதான். கனடாவில் இருப்பதால் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே எழுதி வையுங்கள். 235ஐ அமெரிக்க மைலேஜால் வகுத்தால் அது கிடைத்துவிடும்.

அட்லாண்டா: அண்ணா, என் கணவர் 70 மைல் வேகத்தில்தான் ஓட்டுவார். மெதுவாகப் போனால் உண்மையிலேயே மிச்சம் ஆகுமா?

ஆகும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வேறு எதுவும் தராது. நம் வண்டி எட்டரை அடி அகலம், பன்னிரண்டு அடிக்கு மேல் உயரம். ஒரு சுவரைக் காற்றில் தள்ளிக்கொண்டு போகிறோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 55இலிருந்து 65க்குப் போனால் வேகம் 18 சதவீதம்தான் கூடுகிறது, எதிர்ப்போ 40 சதவீதம் கூடிவிடுகிறது. 300 மைல் பயணத்தில் 65க்குப் பதில் 60இல் போனால் 23 நிமிடம் தாமதமாகும். ஒரு டீ குடிக்கும் நேரம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

எதிர்காற்றையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். வையோமிங்கில் ஐ-80 சாலையில் மணிக்கு 20 மைல் வேக எதிர்காற்றில் 60இல் போனால், வண்டிக்கு அது 80 மைல் வேகக் காற்று. எதிர்ப்பு கிட்டத்தட்ட 78 சதவீதம் அதிகம். அன்று மைலேஜ் குறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நோட்டில் "எதிர்காற்று" என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது குழப்பம் வராது.

டென்வர்: இங்கிருந்து ஐசன்ஹோவர் சுரங்கம் வரை ஏறினேன். மைலேஜ் 5க்குக் கீழே போய்விட்டது. பயந்துவிட்டேன்.

பயப்படாதீர்கள், கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டி 36,000 பவுண்ட் என்று சொன்னீர்கள். அதை 1,000 அடி தூக்க வேண்டிய சக்தியை, ஒரு கேலன் டீசலில் உள்ள சக்தியோடு ஒப்பிட்டு, இன்ஜின் அதில் நாற்பது சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால், 0.84 கேலன் வருகிறது. டென்வர் 5,280 அடி, சுரங்கத்தின் உச்சி 11,158 அடி. ஏறிய உயரத்துக்கு மட்டும் சுமார் 5 கேலன். இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 60 மைல். சமதளத்தில் கேலனுக்கு 8 மைல் என்றால் அதற்கு 7.5 கேலன். ஆக 12.5 கேலனில் 60 மைல், அதாவது 4.8. வண்டி சரியாகத்தான் உழைத்திருக்கிறது.

ஏற்றத்தில் பார்க்க வேண்டியது கூலன்ட் வெப்பநிலை. சாதாரணமாக 180 முதல் 205 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் நிற்கும். 215ஐத் தாண்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்து, ஒரு கியர் இறக்கி, 2,000 ஆர்பிஎம் அருகே வைத்து மெதுவாக ஏறுங்கள். தண்ணீர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், சூடு இறங்கும். டாப் கியரிலேயே திணறவிட்டு ஏற்றினால்தான் கொதிக்கும்.

ஹூஸ்டன்: ஊரில் முப்பது வருடம் லாரி ஓட்டிய என் அப்பா எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருக்கிறார். பயணத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "தம்பி, வண்டியில புல்லிங் இல்லப்பா" என்கிறார். மைலேஜ் 8.2இலிருந்து 7.8தான் ஆகியிருக்கிறது. எந்த விளக்கும் எரியவில்லை. அவர் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். முப்பது வருடம் பாரம் இழுத்த காது அது. விளக்கு எரிவதற்கு ரொம்ப முன்பே புல்லிங் குறைவது தெரிந்துவிடும், உணரத் தெரிந்தவர்களுக்கு.

இந்த அனுபவம் எனக்கே நடந்தது. மைலேஜ் இரண்டு வருடத்தில் 8.4இலிருந்து 7.6க்கு மெல்ல மெல்ல இறங்கியது. குளிர்கால டீசல், எதிர்காற்று, டயர் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 ஏற்றத்தில், ஜூன் மாத வெயிலில், கூலன்ட் 222க்குப் போனது. மனைவியும் பிள்ளைகளும் சாலையோரத்தில் ஒரு மணி நேரம் நின்றார்கள். இறங்கிப் பார்த்தால், இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை ஆறவைப்பது), ரேடியேட்டர் அடுக்கின் இன்ஜின் பக்க முகம் முழுக்க எண்ணெயும் மண்ணும் சேர்ந்து களிம்பு போல அப்பியிருந்தது. அதற்கு நான்கு மாதம் முன்புதான் ஒரு பணிமனையில் காசு கொடுத்து ரேடியேட்டரைக் கழுவியிருந்தேன். அவர்கள் வெளிப்பக்கம் மட்டும் கழுவியிருக்கிறார்கள்.

பின்பக்க ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் இது வழக்கமான நோய். இன்ஜினின் அடிப்பகுதியான கிரான்க் கேஸின் மூச்சுக்குழாய் போன்ற பிரீதர் குழாயிலிருந்து எண்ணெய் ஆவி வரும். ஃபேன் அதை இழுத்து ரேடியேட்டர் மேல் அடிக்கும். சக்கரம் கிளப்பும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். டர்போவிலிருந்து வரும் சூடான காற்று இன்டர்கூலரில் ஆறாமலே இன்ஜினுக்குள் போகும். சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, புல்லிங் போய்விடும்.

உங்கள் அப்பாவோடு சேர்ந்து இதைச் செய்யுங்கள். படுக்கைக்கு அடியில் உள்ள இன்ஜின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்பக்க முகத்தைப் பாருங்கள். அழுக்கு இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும், அலுமினியத்துக்கு ஒத்துவரும் டிகிரீஸர் தெளித்து, ஊறவிட்டு, தோட்டக் குழாய்த் தண்ணீரில் பொறுமையாக அலசுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். பிரீதர் குழாயின் வாயை ஃபேன் காற்று படாத இடத்துக்கு நீட்டிவிடுங்கள். சுத்தமாக இருந்தால், இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளாம்புகளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா பாருங்கள், அங்கே காற்று கசியும். அப்புறம் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று காட்டும் மீட்டரைப் பாருங்கள். கடைசியாக டீசல் ஃபில்டர், அதை மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று பாருங்கள்.

பழைய லாரியில் காற்று கசிந்தால் கரும்புகை வந்து காட்டிக்கொடுத்துவிடும். 2007க்குப் பிந்தைய இன்ஜின்களில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அந்தப் புகையை விழுங்கிவிடுகிறது. வெளியே எதுவும் தெரியாது. வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜென் அடிக்கடி வரும், அவ்வளவுதான். உங்கள் அப்பா புகையைத் தேடுவார். அவரிடம் ரீஜென் எத்தனை மைலுக்கு ஒரு முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், அதுதான் இந்தக் காலத்துப் புகை.

சியாட்டில்: பூஸ்ட், வெப்பநிலை எல்லாம் பார்க்க என்ன கருவி வாங்கலாம்?

முதலில் ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள சாக்கெட்டைப் பாருங்கள். ஆறு பின் என்றால் பழைய முறை. ஒன்பது பின் கறுப்பு என்றால் கனரக வண்டிகளின் தகவல் தொடர்பு முறையான ஜே1939, பச்சை என்றால் அதன் வேகமான வடிவம். கருவிக்கான கேபிள் அதற்குப் பொருந்த வேண்டும். ஸ்பிரின்டர் வேனில் கட்டிய வண்டி என்றால் கார்களில் உள்ள அதே ஓபிடி சாக்கெட்தான். ஸ்கேன்கேஜ் டி, சில்வர்லீஃப் விஎம்எஸ்பிசி, புளூஃபயர் மூன்றும் மோட்டார்ஹோம்காரர்கள் பயன்படுத்துபவை. புளூஃபயர் டேப்லெட்டிலேயே காட்டும்.

கருவி வாங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். வண்டி நன்றாக இருக்கும்போதே, உங்கள் வீட்டுக்கு அருகில் அடிக்கடி ஏறும் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். அதே கியர், அதே வேகம், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி ஏறும்போது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) எத்தனை பிஎஸ்ஐ, இன்ஜினுக்குள் போகும் இன்டேக் காற்று எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி, கூலன்ட் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். எண்களைப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே மேட்டில் திரும்ப எடுங்கள். அடுத்தவர் வண்டியின் எண்ணை வைத்து உங்கள் வண்டியை எடைபோட முடியாது. பூஸ்ட் குறைந்து, இன்டேக் சூடு ஏறியிருந்தால் மேலே ஹூஸ்டன்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

சிகாகோ: டிசம்பரில் மட்டும் மைலேஜ் குறைகிறது. டீசலில் கலப்படமா?

இல்லை. குளிரில் உறையாமல் இருக்க லேசான டீசலைக் கலந்து விற்கிறார்கள், அதில் கேலனுக்குச் சக்தி குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எதிர்ப்பும் கூடும். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் ஒரு காரணம், டிபிஎஃப்பில் கரி சேர்வதற்கும் அது வழி. போன வருட டிசம்பரோடு ஒப்பிடுங்கள், ஜூலையோடு வேண்டாம்.

நியூ ஜெர்சி: இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும் சிப் போட்டால் 2 மைல் கூடும் என்கிறார்கள், டிபிஎஃப்பைக் கழற்றினால் இன்னும் கூடுமாம்.

டிபிஎஃப்பைக் கழற்றுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. செய்யாதீர்கள். நான் எந்த வண்டிக்கும் சிப் போடச் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடையில் வண்டியை நிறுத்தி எடை பாருங்கள், டயர் கம்பெனியின் அட்டவணைப்படி காற்றடியுங்கள். அலிசனின் மோட் பட்டனை அழுத்தினால் எகானமிக்கு மாறும், சமதளத்தில் அதிலேயே ஓட்டுங்கள்.

சார்லட்: 2012 மாடல் ஒன்று பார்த்திருக்கிறோம். விற்பவர் கேலனுக்கு 10 மைல் தரும் என்கிறார். வாங்கலாமா அண்ணா?

அவர் சொல்லும் 10ஐ ஒதுக்கி வையுங்கள். டீசல் ரசீதுகளோ நோட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய், உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கருவியை மாட்டி, ஒரு நல்ல மேட்டில் ஏற்றிப் பாருங்கள். படுக்கைக்கு அடியில் உள்ள இன்ஜின் மூடியைத் திறந்து ரேடியேட்டரின் உள்முகத்தைப் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன் இன்ஜின் ஆயிலில் ஒரு சிறு பாட்டில் எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். இந்தியானாவில் பிளாக்ஸ்டோன் ஆய்வகம் இதைச் செய்கிறது. சிலிக்கான் அதிகம் இருந்தால் தூசி உள்ளே போகிறது. சோடியமோ பொட்டாசியமோ இருந்தால் கூலன்ட் கசிகிறது என்று சந்தேகப்படலாம். அறிக்கை வரும்வரை விற்பவர் காத்திருக்க மறுத்தால் வேறு வண்டி பாருங்கள். அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிக்கலாம்.