தடுப்பூசியும் தனிமனித உரிமையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பேரனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டும் என்று கிராம சுகாதார செவிலியர் இரண்டு முறை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார். மருமகளோ, "அந்த ஊசியால் ஆட்டிசம் வரும். போடாமலிருப்பது என் உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது" என்கிறாள். அவளுக்குத் தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தாய்க்குத் தெரியாமல் ஊசி போடும் யோசனையை உங்கள் கணவர் கைவிடுவதே நல்லது. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை போட வேண்டியிருக்கிறது. ஒரு முறை ஏமாற்றப்பட்டவர் அதற்குச் சம்மதிப்பாரா?

தீர்ப்பைப் பொறுத்தவரை உங்கள் மருமகள் சொல்வதில் பாதி சரி. கொரோனா தடுப்பூசி தொடர்பாகக் குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவருக்குத் தம் உடல்மீதுள்ள உரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காப்பதால், யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றது. பொதுச் சுகாதாரத்துக்காக அந்த உரிமைக்கு அரசு தேவைக்கு மீறாத வரம்புகளை விதிக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. தவிர, தம் உடலைப் பற்றி ஒருவர் முடிவெடுப்பது வேறு, பேசத் தெரியாத குழந்தைக்காக முடிவெடுப்பது வேறு. அந்தப் பொறுப்பைத் தாயிடமிருந்து பிடுங்கக் கூடாது. உரிமை என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டதாக அவரும் நினைக்கக் கூடாது.

ஆட்டிசம் பற்றிய அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். அதன் அறிகுறிகள் பெரும்பாலும் பெற்றோர் கண்ணில் படுவது இரண்டாம் வயதில். தடுப்பூசிகள் போடும் பருவமும் அதுவே என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்பு. 1998-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து வெளியான ஒரு கட்டுரை இந்தச் சந்தேகத்தை உலகெங்கும் பரப்பியது. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு, அதை முதன்மையாக எழுதியவரின் பெயர் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை.

இவற்றை நீங்கள் சொல்வதைவிட, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் உங்கள் மருமகளே கேட்கட்டும். மாமியார் வாயால் கேட்டால் உண்மைகூட அதிகாரமாக ஒலிக்கும். உடன் செல்லுங்கள், குறுக்கே பேசாதீர்கள். ஊசிக்குப் பிறகு சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும், ஒரு வாரம் பத்து நாளில் லேசான தடிப்பும் வரலாம் என்பதையும், மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள் என்பதையும் மருத்துவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுபுறம், தட்டம்மை நிமோனியாவிலும் மூளைக்காய்ச்சலிலும் கொண்டுவிடக்கூடியது. பாதுகாப்பற்றவர்கள் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடியவர். இரண்டையும் கேட்டபின் முடிவெடுக்க அவருக்குச் சில நாள் கொடுங்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போக விடாதீர்கள்.

கேள்வி: சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிவிட்டால் இந்த வாதமெல்லாம் முடிந்துவிடாதா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இங்கிலாந்து 1853-இல் பெரியம்மைத் தடுப்பூசியைக் குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கி, போடாத பெற்றோருக்குப் பின்னர் அபராதத்தையும் கடுமையாக்கியது. அபராதம் கட்ட முடியாத ஏழைகளே அதிகம் அவதிப்பட்டார்கள்; 1885-இல் லெஸ்டர் நகரில் பெருங்கூட்டம் திரண்டு ஊர்வலம் போனது; 1898-இல் மனசாட்சியின் பேரில் மறுப்பவர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. கட்டாயம் எங்குமே பலிக்காது என்றும் சொல்வதற்கில்லை: பள்ளிச் சேர்க்கைக்கான தடுப்பூசியில் தனிப்பட்ட நம்பிக்கைக்கான விலக்கை 2015-இல் கலிபோர்னியா நீக்கியபின், அங்கே தடுப்பூசி போட்ட குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது.

ஆனாலும், செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஊர்விட்டு ஊர் போகிறவர்களின் பிள்ளைகள் ஊசியைத் தவறவிடுவது கொள்கைப் பிடிப்பால் அல்ல, ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால். செவிலியர் அங்கே போய்ச் சேர்வதற்குமுன் தண்டனைச் சட்டம் போய்ச் சேர்வது நியாயமாகாது. தட்டம்மை பரவத் தொடங்கிய பள்ளியில், ஊசி போடாத பிள்ளைகளைச் சில வாரங்கள் வீட்டிலிருக்கச் சொல்வதை நான் ஏற்பேன். அந்தத் தடைக்கு முடிவு நாள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.