நீர்மூழ்கி மீட்பு அதிகாரி வேலைக்கு முன்பணமா?

மேலூர் பக்கமிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: “மகன் பிளஸ் டூ. நீர்மூழ்கிக் கப்பல் மீட்பு அதிகாரியாக ஆசை. மதுரையில் ஒருவர் ‘டைவிங் சான்றிதழோடு நேரடி வேலை, 4 லட்சம்’ என்று முன்பணம் கேட்கிறார். சின்ன வயதில் கிணற்றில் குளித்து அவனுக்குக் காதில் சீழ் வந்திருக்கிறது. அது தடையாகுமா?”

பணம் கொடுக்காதீர்கள். அப்படி நேரடிப் பதவியே கிடையாது. முதலில் கடற்படை அதிகாரியாகச் சேர வேண்டும். கேரளத்தில் எழிமலையிலுள்ள கடற்படை அகாடமியில் பயிற்சியும் கப்பல் பணியும் முடிந்த பிறகே டைவிங் பிரிவுக்கோ நீர்மூழ்கிப் பிரிவுக்கோ விருப்பம் கொடுக்கலாம். டைவிங் கொச்சியில், நீர்மூழ்கிப் பயிற்சி விசாகப்பட்டினத்தில். கடலடியில் சிக்கிய நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்க 650 மீட்டர் ஆழம் வரை இறங்கும் மீட்புக் கலமும், அதற்குத் துணையாக 2025 ஜூலையில் பணியில் சேர்ந்த ‘நிஸ்தார்’ கப்பலும் இப்படி வந்தவர்கள் கையில்தான் இருக்கின்றன. சுற்றுலாத் தலங்களில் தரும் டைவிங் அட்டைக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

தரகர் பிழைப்பது எப்படியென்று தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பேரிடம் வாங்குவார். தேறாதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து நல்ல பெயர் எடுப்பார். சொந்த முயற்சியில் தேறிய ஒருவனின் பணம் ‘நான் வாங்கித் தந்த வேலை’ என்று அவர் பைக்குப் போய்விடும். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி. நடத்தும் தேர்வு 5 நாள். உளவியலாளர், குழுப்பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாள்தான் ஒன்றாக உட்காருகிறார்கள். இதற்குள் எந்தத் தரகர் நுழைய முடியும்?

பிளஸ் டூவிலிருந்து அதிகாரியாக வழி இரண்டு. ஒன்று என்.டி.ஏ. எனும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வு. அதன் வினாத்தாள் இன்றும் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை கணக்குத் தெரிந்தும் கேள்வியைப் புரிந்துகொள்ளவே திணறுகிறான். இத்தனை ஆண்டாகியும் இதைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை. மற்றொன்று பிளஸ் டூ பி.டெக். நுழைவு. எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பு வர, பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் தரவரிசை போதும், அதைத் தமிழிலேயே எழுதலாம். இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சராசரி 70 சதவீதமும், ஆங்கிலத்தில் பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ 50 சதவீதமும் வேண்டும். படிப்புச் செலவு கடற்படையுடையது. இதற்கு நீங்களே கடற்படையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை.

இனி காது. 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து தலைசுற்றும், நீருக்குள் மேல் கீழ் தெரியாது. அதனால் ஓட்டை இருந்தால் தேர்வாக முடியாது. சீழ் வந்து ஆறிய காது என்றால் நிலைமை வேறு. பறை முழுதாக மூடி, மூக்கைப் பிடித்து ஊதும்போது அசைகிறதா என்பதுதான் கேள்வி. இப்போதே இராசாசி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் இராணுவ மருத்துவர் பறையைப் பார்க்க முடியாமல் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று எழுதிவிடுவார். அது நிராகரிப்பு அல்ல. அழுக்கை எடுத்துவிட்டு, தாளில் குறித்த கெடுவுக்குள் குறித்த மருத்துவமனைக்கே போய் மறுபரிசோதனை கேட்க வேண்டும். கெடு தாண்டினால் வாய்ப்பு போச்சு. அழுக்கை வீட்டில் குச்சி விட்டு எடுக்காதீர்கள், புது ஓட்டை விழும்.

அசல் மதிப்பெண் பட்டியலை அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் நாளைக்கே திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.