முதல் குண்டு ஏன் கீழே இறங்குகிறது?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகளின் 10 மீட்டர் பயிற்சிக்காகப் பழைய பி.சி.பி. ஏர் ரைஃபிள் (சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடுவது) ஒன்று வாங்கினேன். காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் இல்லாதது. 200 பார் (அழுத்த அளவு) காற்று நிரப்பியதும் முதல் சில குண்டுகள் கீழே படுகின்றன. நடுவில் சரியாக வருகிறது. கடைசியில் மறுபடி கீழே. ஸ்பிரிங்கை முறுக்கச் சொல்கிறார்கள். டியூனிங்கை நானே கற்றுக்கொள்ள முடியுமா?
- வாசகர், தக்கலை

பதில்: தாராளமாக முடியும். ஆனால் ஸ்பிரிங்கில் இப்போது கை வைக்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் துப்பாக்கியில் கோளாறே இல்லை.

டிரிகரை அழுத்தியதும் அந்த ஸ்பிரிங் தள்ள, ஹாமர் என்ற சுத்தியல் பாய்ந்து காற்றை அடைத்திருக்கும் வால்வைத் தட்டும். வால்வு திறந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் வரும் காற்றுதான் பெல்லட்டை, அதாவது குண்டை, தள்ளுகிறது. 200 பாரில் உள்ளே இருக்கும் அழுத்தமே வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹாமர் தட்டினாலும் அது போதுமான அளவு திறக்காது. அழுத்தம் இறங்க இறங்க நன்றாகத் திறக்கும், வேகம் ஏறும். கடைசியில் தள்ளுவதற்கே காற்று போதாது.

இது 10 மீட்டரில் தெரியுமா என்றால், தெரியும். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட், இலக்கை அடைவதற்குள் சுமார் 17 மி.மீ. இறங்கும். வேகம் 160 ஆனால் 19 மி.மீ. அந்த 2 மி.மீ.தான் உங்கள் மகளின் மதிப்பெண். இலக்கின் பத்துப் புள்ளியே அரை மி.மீ. அகலம்தான்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்றைக் கிளப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே டப்பா பெல்லட்டால் சுட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் கேஜ் காட்டும் அழுத்தத்தையும் வேகத்தையும் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள், மேடு மாதிரி ஒரு கோடு வரும். மேட்டின் உச்சி சமதளம் 160 பாரில் தொடங்கி 110இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி 160க்கு மேல் நிரப்பாதீர்கள், 110இல் நிறுத்திவிடுங்கள். பாதி டியூனிங் இதிலேயே முடிந்தது.

ஸ்பிரிங்கை முறுக்கினால் அந்தச் சமதளம் அதிக அழுத்தத்துக்கு நகரும், காற்றும் வீணாகும். சமதளத்திலேயே வேகம் போதவில்லை என்றால் மட்டும் கால் சுற்று திருப்பி, மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. 10 மீட்டருக்குக் குண்டின் ஆற்றல் 7.5 ஜூல் இருந்தால் போதும். 20 ஜூலைத் தாண்டினால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும்.

நாகர்கோவிலில் என் பட்டறைக்கு வரும் துப்பாக்கிகளில் நான் அதிகம் பார்ப்பது துரு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம்; குளச்சல், முட்டம் பக்கம் உப்பும் சேரும். கைப்பம்பில் அடிக்கும்போது அந்த ஈரம் சிலிண்டருக்குள் தண்ணீராகத் தங்கும். இடையிடையே நிறுத்தி, பம்ப் ஆறியதும் தொடருங்கள். வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் நிரப்பாதீர்கள். கிரீஸ் பட்ட இடத்தில் அது வெடிக்கும், உயிர் போகும். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிகோன் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் ஆகாது. எந்தத் திருகைக் கழற்றுவதாக இருந்தாலும் பெல்லட்டை எடுத்து, காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான்.

பழைய துப்பாக்கி என்பதால் ஒன்று கேட்கிறேன். சிலிண்டர் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கிறதா? பல நிறுவனங்கள் 10 ஆண்டுக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. தேதி கடந்திருந்தால் காற்றே நிரப்பாமல் முதலில் சிலிண்டரை மாற்றுங்கள்.