ஹவாய் ஹைஸ்கூல்ல ஹவாய் வரலாறு எடுக்கிற டீச்சர் – கேளுங்க, சொல்றேன்

ஓவாஹு தீவுல அரசு ஹைஸ்கூல்ல சோஷியல் ஸ்டடீஸ் எடுக்கறேன். நான் பூர்வகுடி ஹவாய்க்காரி கிடையாது, அத மொதல்லயே சொல்லிடறேன், க்ளாஸ்லயும் மொத நாள் இதத்தான் சொல்லுவேன்.

டீச்சர், ஹவாய் வரலாறு அங்க தனி சப்ஜெக்டா?

ஆமாங்க. நாலாங்கிளாஸ்ல பழைய ஹவாய், ஏழாங்கிளாஸ்ல ராஜ்ஜிய காலம், ஹைஸ்கூல்ல நவீன ஹவாய் வரலாறு, இது அரை வருஷம்தான் ஆனா இல்லாம பாஸ் பண்ண முடியாது. ஹவாய் மொழி, கலாச்சாரம், வரலாறு இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித்தரணும்னு 1978ல மாநில அரசியல் சாசனத்துலயே எழுதிட்டாங்க.

அக்கா, ஹவாய் மக்களே விருப்பப்பட்டுத்தான அமெரிக்காவோட சேந்தாங்க? எங்கயோ அப்படித்தான் படிச்சேன்.

பசங்களும் இதே நெனப்போடதான் வர்றாங்க தம்பி. 1893 ஜனவரி 17ல ராணி லிலியுஓகலானியோட ஆட்சிய கவுத்தது ஒரு சின்ன கும்பல், பெரும்பாலும் சர்க்கரை, வியாபாரம்னு காசு பாத்தவங்க, பக்கத்துலயே அமெரிக்க கப்பல்லேந்து இறங்கின படை துப்பாக்கியோட நிக்குது. இத நான் லெக்சரா சொன்னா பின் பெஞ்சு தூங்கிடும். அதனால 1897ல இணைப்பு வேண்டாம்னு மக்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பின மனுவோட நகல பிரிண்ட் எடுத்து டெஸ்க்ல வச்சிடுவேன். 21,000 கையெழுத்துக்கு மேல, அப்ப பூர்வகுடி மக்களே மொத்தம் சுமார் 40,000 பேர்தான், அதுல குழந்தைங்களும் சேத்தி, கணக்குப் போட்டுக்கோங்க. ஆம்பளைங்களுக்குத் தனி தாள், பொம்பளைங்களுக்குத் தனி தாள், ஊர் வாரியா, பேரு, வயசு. தன் குடும்பப் பேரு வருதான்னு பசங்க விரல வச்சு தேடுவாங்க பாருங்க, அன்னிக்கு போன் எடுன்னு சொன்னாகூட எடுக்க மாட்டாங்க.

அந்த மனு போனதால அமெரிக்க செனட்ல இணைப்பு ஒப்பந்தத்துக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு கெடைக்கல. 1898ல ஒப்பந்தத்தையே விட்டுட்டு, சாதாரண பெரும்பான்மை போதும்கிற கூட்டுத் தீர்மானம்னு ஒண்ணு போட்டு இணைச்சுட்டாங்க. ராணி ஆட்சிய கவுத்ததுக்கு 1993ல அமெரிக்க காங்கிரஸ் மன்னிப்பு தீர்மானம் போட்டுச்சு. அப்ப பறிபோன நெலம் திரும்பி வந்துச்சான்னு கேக்காத பசங்களே இல்ல.

மேடம், க்ளாஸ்ல வெள்ளைக்காரப் பசங்களும் இருப்பாங்களே, அவங்களுக்கு சங்கடமா இருக்காதா?

இருக்கும், அதுக்காக மூடி மறைக்க முடியாதுல்ல. ராணி ஆட்சிய கவுத்தது பத்தி ரெண்டு அமெரிக்க விசாரணை நடந்துச்சு: 1893ல அதிபர் அனுப்பின பிளவுண்ட்டோட அறிக்கை அமெரிக்க தூதர் மேல தப்புன்னு சொல்லுது, 1894ல செனட் குழுவோட மார்கன் அறிக்கை அப்படியெல்லாம் இல்லைங்குது. ரெண்டையும் குடுத்து, யார யார விசாரிச்சாங்க, எங்க உக்காந்து விசாரிச்சாங்கன்னு பாருங்கப்பான்னு விட்டுடுவேன். பிளவுண்ட் ஹவாய்க்கே வந்து விசாரிச்சவர், மார்கன் குழு விசாரிச்சது வாஷிங்டன்ல. மிச்சத்த அவங்களே பிடிச்சுக்கறாங்க.

ஹவாய்ல பொறந்தா ஹவாயன் தானே? இதுல என்ன பஞ்சாயத்து?

பெரிய பஞ்சாயத்துங்க. இங்க 'ஹவாயன்'னா பூர்வகுடி மட்டும்தான். தோட்டத்துக்கு வேலைக்கு வந்த சீனா, போர்த்துகீசு, ஜப்பான், பிலிப்பைன்ஸ் ஆளுங்களோட பேரப்பசங்க எல்லாம் 'லோக்கல்'. என் க்ளாஸ்ல ஒரே பையன் நாலு வம்சம் சொல்லுவான். இதுல 1921 சட்டம் வேற, பூர்வகுடிங்களுக்குன்னு ஒதுக்கின வீட்டுமனை குத்தகைக்கு வேணும்னா பாதி ரத்தம் பூர்வகுடியா இருக்கணும்னு சொல்லுது. அம்மாவுக்கு கெடைக்கும், பிள்ளைக்கு அந்தக் கணக்கு எட்டாம போகலாம் (பிள்ளைக்கு மாத்திக் குடுக்கறதுக்கு மட்டும் பின்னாடி தளர்த்தினாங்க). ஹவாய்க்காரங்க முன்னாடி யாரு யாருக்குப் பிள்ளைன்னு வம்சாவளி பாட்டாப் பாடித்தான் சொந்தம் சொன்னாங்க, பெர்சன்டேஜ் போட்டு இல்ல. நான் இதுல தீர்ப்பு சொல்றதில்ல, ஊர்ப் பெரியவர் ஒருத்தர கூட்டிட்டு வந்து உக்கார வச்சிட்டு நான் பின்னாடி போய் உக்காந்துடுவேன்.

மொழி நெலைமை எப்படி?

1896ல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்தான்னு சட்டம் போட்டாங்க, ஹவாய்மொழி பேசின பிள்ளைங்களுக்கு அடி. அதுக்கு முன்னாடி நூறு பத்திரிகை கிட்ட அந்த மொழியில வந்திருக்கு! 1984ல பெத்தவங்களே சேந்து ஹவாய்மொழி மழலையர் பள்ளி ஆரம்பிச்சாங்க, 1987ல அரசு பள்ளியிலயும் ஹவாய்மொழி வழி வகுப்பு வந்துச்சு. ஒரு விஷயம் நமக்கு ஈஸியா புரியும், தமிழ் மாதிரியே அதுலயும் குறில் நெடில் மாத்தினா அர்த்தமே மாறிடும். 'கல'ன்னா மன்னிச்சு விடுறது, 'காலா'ன்னா பணம்.

ஹுலா டான்ஸ் சொல்லித்தருவீங்களா?

எனக்கு ஆட வராது. அதுக்கு குரு இருக்காங்க.

ஏட்டுப்படிப்பு தவிர வேற என்ன பண்ணுவீங்க?

சேப்பங்கிழங்கு வயல்ல இறக்கி விட்டுடுவேன். மலையிலேந்து கடல் வரைக்கும் ஒரே துண்டா நெலத்தப் பிரிச்சு, அத 'அஹுபுவா'னு சொல்லுவாங்க, ஓடையிலேந்து வாய்க்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சி, மிச்சத் தண்ணி திரும்ப ஓடைக்கே போற மாதிரி வச்சிருந்தாங்க. ஹவாய்மொழியில 'வாய்'னா தண்ணி, 'வாய்வாய்'னா செல்வம். மேல இருக்கறவன் தண்ணிய அடைச்சா கீழ இருக்கறவன் கதி என்னன்னு முட்டளவு சேத்துல நின்னுகிட்டு கேட்டாத்தான் உறைக்குது, ஏன்னா சர்க்கரை கம்பெனிங்க பின்னாடி பண்ணினது அதைத்தான். ஹவாய்க்காரங்க கதையில செத்துப் பொறந்த மொதப் பிள்ளைய புதைச்ச எடத்துல மொளைச்சதுதான் சேம்பு, ரெண்டாவது பிள்ளைதான் மனுஷன். அதனால செடிதான் அண்ணன். போன தடவ ஒரு பையன் கால் வழுக்கி ஒரு செடிய மிதிச்சுட்டு, யாரும் சொல்லாமலே சாரி ப்ரோன்னான், எல்லாரும் சிரிச்சாங்க, வயல்காரப் பாட்டி மட்டும் சிரிக்கல, நல்லதுன்னு தலையாட்டினாங்க.